மாலதி முகத்தில் பாப் ஆர்ட்

திருச்சி நகரத்துக்கு நவீன ஓவியத்தை அறிமுகப்படுத்தி வைப்பது என்று ஒரு நாள் முடிவு செய்தேன். நகரம் அதற்காக ஏங்கிக் கொண்டிருந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. மலைக்கோட்டை இருக்கிறது, காவேரி இருக்கிறது, நவீன ஓவியம் மட்டும் இல்லை. காத்தமுத்து என்று நான் ஒருவன் தென்னூரில் குடியிருக்கும்போது இந்தக் குறை எதற்கு?

உடனடிக் காரணம் ஒரு போஸ்டர். திருவெறும்பூர் ஃபாக்டரியில் நான் டிராஃப்ட்ஸ்மேன். அங்கே எங்களுக்கு ஒரு நாடக மன்றம் உண்டு. அந்த வருஷத்து நாடகம் ‘மாலதி ஏன் அழுதாள்?’ எழுதி இயக்கியவர் ஃபோர்மேன் பெரியண்ணன். கதாநாயகன் நான். என் நடிப்பைப் பார்த்து அவர் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று சொன்னால் ஃபாக்டரியே சிரிக்கும். அவர் பார்த்தது என் முடியை. நெற்றியில் அலையலையாக வந்து விழும். “நடிப்பை ஒத்திகையில கொண்டு வந்துடலாம். முடியைக் கொண்டு வர முடியுமா?” என்றார்.

ஒத்திகை தினமும் மாலையில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது. மன்றத்தில் வேறு யாருக்கும் ஹால் இல்லையா என்றால், இருந்தது. என் மனைவி வள்ளிக்கண்ணு போடும் காப்பிதான் இல்லை. பெரியண்ணன் ஒரு டம்ளரைக் குடித்து முடித்து, இரண்டாவது டம்ளருக்கு அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டே ஓர் அறிவிப்புச் செய்தார். இந்த நாடகத்துக்கு நல்ல கூட்டம் வந்துவிட்டால் இனி மாதம் ஒரு நாடகம், எல்லாவற்றுக்கும் ஒத்திகை இதே ஹாலில்தான்.

எல்லாரும் போன பிறகு வள்ளிக்கண்ணு டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“மாசம் ஒன்னாங்க?”

“ஆமா. உனக்குப் பெருமையா இல்ல?”

“கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆவுது. நாம ரெண்டு பேரும் சேந்து உக்காந்து ஒரு வாய் காப்பி குடிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“நான் கலைஞன், வள்ளி. கலைஞன் ஊருக்குச் சொந்தம்.”

“அப்ப ஊரையே காப்பி போட்டுக் குடுக்கச் சொல்லுங்க.”

டிராஃப்ட்ஸ்மேன் என்பதால் என்னிடம் விட்டிருந்த நாடகப் போஸ்டர் வேலையில் நான் இறங்கினேன்.

பக்கத்து வீட்டு பாக்கியநாதன் காலேஜில் இங்கிலீஷ் வாத்தியார். அவரிடம் கடன் வாங்கிய அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில்தான் பாப் ஆர்ட் பற்றிப் படித்தேன். ஒருவர் கடையில் விற்கிற சூப் டப்பாக்களை வரிசையாக வரைந்து மாட்டியிருக்கிறார், ஜனங்கள் கியூவில் நின்று பார்க்கிறார்கள். இன்னொருவர் படக்கதையில் வரும் ஒரு பெண்ணின் முகத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி, முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வைத்திருக்கிறார். தினமும் கண்ணில் படுகிற சாமானைக் கலையாகப் பார்ப்பதுதான் இயக்கத்தின் சாரமாம். நான் ஆராய்ச்சியை அடுக்களையிலிருந்து ஆரம்பித்தேன்.

“பெருங்காய டப்பாவைக் காணோமே. நீங்க எடுத்தீங்களா?”

“ஹால்ல இருக்கு. தொடாத. வரிசையா வெச்சிருக்கேன்.”

“கடுகு, மிளகு, காப்பித்தூள் எல்லாம் இங்க என்னங்க பண்ணுது?”

“டப்பாவை டப்பான்னு பாக்காத, வள்ளி.”

“வேற என்னன்னு பாக்குறது?”

“கலைன்னு பாரு.”

“சரிங்க. அப்ப ரசத்துக்கு ஒரு சிட்டிகை கலை எடுத்துக்கறேன்.”

டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மேல்நாட்டுக் கலைஞர்களுக்கு மனைவிமார் இருந்தார்களா என்று பத்திரிகையில் போடவில்லை.

டப்பா போனால் போகட்டும், முகம் இருக்கிறது. ஆனால் மாலதியாக நடிக்க மெட்ராஸிலிருந்து வருகிற நடிகை கடைசி ஒத்திகைக்குத்தான் வருவாள். போட்டோவும் அனுப்பவில்லை. வள்ளிக்கண்ணு அன்று ஒத்திகைக்காரர்களின் பஜ்ஜிக்காக வெங்காயம் நறுக்கிக் கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மாலதி என்னமாய் அழுகிறாள் என்று பென்சிலை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். அவள் முகத்தை அவ்வளவு நேரம் நான் உற்றுப் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. மூக்குத்திப் பக்கத்தில் ஒரு சின்ன மச்சம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், பென்சிலின் பின்பக்க ரப்பரை ரோஸ் வண்ணத்தில் தோய்த்து முகம் முழுக்கப் புள்ளி வைத்தேன். நெற்றியில், கன்னத்தில், மோவாயில், ஓர் இடம் விடவில்லை.

படத்தை அவளிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். பிறகு, “நல்லாருக்குங்க. பெருசா அடிங்க” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதில் வெங்காயத்துக்கும் பங்கு உண்டு.

பெரிய கடை வீதிப் பக்கம் அச்சாபீஸ் வைத்திருந்த அப்துல் ரஹீம் எனக்கு நெடுநாள் சிநேகிதர். படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

“ரோஸ் மை இல்ல, காத்தமுத்து. மஞ்சளும் செவப்பும்தான் இருக்கு. முகம் மஞ்சள், புள்ளி செவப்பு. பரவால்லையா?”

வீட்டுக்கு வந்து வள்ளிக்கண்ணுவின் அபிப்பிராயம் கேட்டேன். “அதுவே பொருத்தமா இருக்கும்ங்க” என்றாள். இவளுக்குள் இப்படி ஒரு கலை ரசனை ஒளிந்திருக்கிறதே என்று வியந்தேன். திரும்பப் போய் அச்சடிக்கச் சொன்னபோது ரஹீம் தயங்கினார்.

“கோவிச்சுக்காதீங்க. இது நாடகம்தானே?”

“மாடர்ன் நாடகம்.”

“அல்லா காப்பாத்தட்டும்” என்றுவிட்டு மெஷினை ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. பாராட்டுகளை நேரில் வாங்கிக்கொள்ள வெளுத்த சட்டையாகப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மார்க்கெட் பக்கத்துச் சுவரில் மாலதி பளிச்சென்று இருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் யாரோ வேப்பிலைக் கொத்து செருகியிருந்தார்கள். கீழே மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்து ஒரு பெரியவர் கேட்டார். “ஏந்தம்பி, எந்தத் தெருவுல வந்திருக்கு?”

“எது?”

“அம்மைதான்.”

“ஐயா, இது அம்மை இல்ல. பாப் ஆர்ட்.”

“அது எந்த ரகம்? சின்னம்மையா, தட்டம்மையா?”

பஸ் ஸ்டாண்டில் ஒருவர் ‘மாலதி ஏன் அழுதாள்?’ என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். “அழுவாம என்ன செய்யும் பாவம், மொகம் பூராப் போட்டிருக்கே” என்றார் பக்கத்தில் இருந்தவர். டிக்கெட் எங்கே கிடைக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மை ஊசி எங்கே குத்துகிறார்கள் என்று கேட்டார்கள். தோளில் பையோடு வந்த அம்மை குத்துகிற ஆள் மட்டும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்படி ஒரு போஸ்டர் தங்கள் இலாகாவிலேயே இல்லை என்று சொல்லி மிச்சம் இருக்கிற பிரதிகளைக் கேட்டார். கலை மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பார்கள். அப்படி ஒரு பயன் என் கலைக்கு வாய்த்தது.

மாலையில் ஒத்திகைக்காரர்கள் வந்தார்கள். ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. எதிர்ச் சாரியில் வரிசையாக நின்றார்கள். தினம் காப்பி கொடுக்கிற முகம் யாருக்கு மறக்கும்? போஸ்டரில் இருப்பது யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பெரியண்ணன் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“தம்பி, வீட்ல எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் சார் இருக்கா. நீங்க உள்ள வாங்க.”

அந்த நேரம் பார்த்து வள்ளிக்கண்ணு வாசலுக்கு வந்தாள். தலை குளித்து ஈர முடி. முகம் நிறைய மஞ்சள். கையில் சொம்பு.

“வாங்கண்ணே. காப்பி கலக்கட்டுமா?”

எதிர்ச் சாரி மொத்தமும் ஓரடி பின்னால் போயிற்று.

“வேணாம்மா. நீ படுத்துக்க. எளநி குடி, மோர் குடி. காத்தமுத்து, அம்மை எறங்கி மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் ஒத்திகை எங்க திருவெறும்பூர் வீட்லயே இருக்கட்டும். நீ மட்டும் குளிச்சுட்டு வா.”

போய்விட்டார்கள். நான் அவளைப் பார்த்து முறைத்தேன்.

“இன்னிக்குன்னு எதுக்கு மஞ்சள் பூசின?”

“வெள்ளிக்கிழமைங்க.”

என் மனைவி பொய் சொல்ல மாட்டாள். எந்த உண்மையை எந்த நேரத்தில் கொண்டு வந்து நிறுத்துவது என்பது மட்டும் அவளுக்கு அத்துப்படி.

“சரி, ஜெயிச்சுட்ட. நான் திருவெறும்பூருக்குப் போய் ஒத்திகை பாத்துக்கறேன். ஹாலை நீயே வெச்சுக்க” என்றேன்.

“எனக்கு ஹாலா வேணும்?” என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் செருப்பு மாட்டுவதை நிறுத்தினேன்.

“வேற என்ன?”

“காலைல மார்க்கெட்டுக்குப் போனேங்க. வழியில ஒரு செவுத்துல ஆத்தா மொகத்தை ஒட்டி வெச்சிருக்கு. கழுதை ஒன்னு பாதியத் தின்னுட்டு மீதியக் கிழிச்சுக்கிட்டு நிக்குது. எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சு.”

“அது ஆத்தா மொகம் இல்ல, வள்ளி. உன் மொகம்.”

“என் மொகத்தை மட்டும் கழுதை திங்கலாமா?”

நான் மாட்டிய ஒற்றைச் செருப்பைக் கழற்றினேன்.

“அங்கனயே நின்னு சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். தெரியாம செஞ்சுட்டோம், ஒரு கொறையும் வராம காப்பாத்து தாயேன்னு.”

“நல்லது. மாவிளக்குப் போடறேன்னியா?”

“முடி.”

நான் அவள் தலையைப் பார்த்தேன். அவள் கூந்தல் இடுப்புக்குக் கீழே தொங்கும். பெண் பார்க்கப் போனபோது நான் தலையாட்டியதே அதைப் பார்த்துத்தான்.

“ஐயோ வள்ளி, அவசரப்பட்டு இப்படி வேண்டிக்கலாமா? உன் முடியையா குடுக்கப் போற?”

“என் முடி எதுக்குங்க? வரைஞ்சது நானா?”

கொஞ்ச நேரம் ஹாலில் நான் நடந்துகொண்டே இருந்தேன். நாடகம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. என் தலையில் இருப்பது மன்றத்தின் பொதுச் சொத்து. இதையெல்லாம் விளக்கினேன்.

“நாடகம் முடிஞ்சதும் குடுத்துடலாமே.”

“சாமி காரியத்தைத் தள்ளிப் போடக் கூடாதுங்க.”

“சரி, குடுத்துடறேன். ஞாயித்துக்கெழமைக்கு டோப்பா வெச்சுக்கறேன்.”

“குடுத்ததை டோப்பா வெச்சு மறைச்சா ஆத்தாவுக்குக் குடுத்த மாதிரியா, எடுத்த மாதிரியா?”

“என்னைக் கேக்காம என் முடிய வேண்டிக்கிட்டது எந்த ஊரு நியாயம்?”

அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக, “தள்ளிப் போட்டு, நெசமாவே எனக்கு வந்துட்டா பரவால்லையாங்க?” என்றாள்.

பாப் ஆர்ட்டில் நான் பார்த்துப் பார்த்துப் புள்ளி வைத்த அந்த முகத்தைத் திரும்ப ஒரு தடவை பார்த்தேன். ஒரு புள்ளிகூட வரக் கூடாது என்று தோன்றியது. கதாநாயகன் வேஷம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், வள்ளிக்கண்ணு கிடைக்க மாட்டாள். பாக்கியநாதனிடம் பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் பெரியண்ணனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் என் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வேளை கஞ்சி குடிக்காதவர் போல முகம் ஆகிவிட்டது. “மொட்டைத் தலையோட நீ காதல் வசனம் பேசினா, மாலதி ஏன் அழுதான்னு ஜனங்களுக்கு மொதல் சீன்லயே தெரிஞ்சு போயிடுமே, தம்பி” என்றார். என் வேஷம் ஸ்டோர்ஸ் கிளார்க் ஒருவருக்குப் போயிற்று. அவருக்கு முன் வழுக்கை. ஆனாலும் என்னைவிடத் தேவலை என்று முடிவாயிற்று.

சமயபுரத்தில் மொட்டை அடிக்கிற இடத்தில் உட்கார்ந்தபோது அலையலையாக மடியில் விழுந்தது. நாவிதர், “நல்ல முடிங்க. சினிமாவுல நடிக்கலாம்” என்றார். வள்ளிக்கண்ணு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அவளே சந்தனம் குழைத்துத் தலை முழுக்கத் தடவி விட்டாள். கை அவ்வளவு பதமாக இருந்தது. கோயில் பக்கத்துக் கடையில் இரண்டு காப்பி வாங்கி, ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தோம். வீட்டுக் காப்பியின் கால் தூசி பெறாது. ஆனால் அவள் ஒவ்வொரு வாயையும் ரசித்துக் குடித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு. கொள்ளிடம் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்தது. அப்போது நூற்றாண்டுக் கணக்காகக் கட்டி முடிக்காமல் நின்ற மொட்டைக் கோபுரத்தை நான் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. தலையில் வெயில் படக் கூடாது என்று வள்ளிக்கண்ணு முந்தானையைத் தூக்கி என் தலைமேல் போட்டாள். பஸ்ஸில் நாலு பேர் பார்த்தார்கள். அவளுக்குக் கூச்சமே இல்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

“பரவால்ல, வள்ளி. முடிதானே, போனா வளரும். தீபாவளிக்குள்ள பழையபடி ஆயிடும். பெரியண்ணன் கிட்டச் சொல்லி தீபாவளிக்கு ஒரு நாடகம் போட்டுடறேன்.”

“தாராளமாப் போடுங்க, நான் வேணாங்கலையே” என்றாள், முந்தானையைச் சரிசெய்து விட்டுக்கொண்டே. “ஆனா நான் வேண்டிக்கிட்டது மூணு மொட்டைங்க. அடுத்தது ஐப்பசியில.”