உதடு குவியாத ஊர்

கணினித் திரையில் நாற்பது புள்ளிகள். ஊர்க்காரர்கள் நாற்பது பேர், ஆளுக்கு ஒன்று; அவரவர் ‘உ’ சொல்லும் விதம். முப்பத்தொன்பது ஒரே இடத்தில் அப்பிக்கொண்டிருந்தன. இருபத்துமூன்றாம் ஆள் மட்டும் மூலையில் தனியாக நின்றார்.

மாலை நான்கு மணிக்குப் பேராசிரியரிடம் காட்ட வேண்டும். தேறாவிட்டால் ஆய்வாளருக்கு அடுத்த மாதம் வேலை இல்லை.

பல் டாக்டரான அக்காவுக்கு போன் போட்டார். குரல்களைப் பதிவு செய்தது அவள் கிளினிக் நர்ஸ்.

“அக்கா, ஒழுங்காத்தானே பதிவு பண்ணாங்க?”

“அவளக் குறை சொல்லாதடா. நான் கூப்பிடற வரைக்கும் பத்து நிமிஷம் சும்மா உக்காந்திருக்கிறவங்கள எல்லாம் பிடிச்சுப் படிக்க வச்சிருக்கா. வை, இங்க ஒருத்தர் வாயத் திறந்து வச்சிட்டிருக்கார்.”

ஆளுக்கு ஆள் வாயின் அளவு வேறு. அதைச் சரிக்கட்ட மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினார். முப்பத்தொன்பதும் இன்னும் நெருங்கின. இருபத்துமூன்று இன்னும் தள்ளிப் போனார்.

ஆய்வாளர் அவரை நீக்கினார். படம் அழகாகிவிட்டது.

அழகுதான் வினையாயிற்று. நான்கு மணிக்குப் படத்தைப் பார்த்த பேராசிரியர் எழுந்து நின்றார்.

“இந்த ஊர்ல ‘உ’ சொல்ல யாருமே உதட்டக் குவிக்கறதில்ல. புது வட்டார வழக்கையே கண்டுபிடிச்சிட்டீங்க, தம்பி.”

“இல்ல சார், ஒருத்தர நீக்கியிருக்கேன், இன்னொரு தடவ பாத்துட்டு...”

அதற்குள் கல்லூரி முதல்வர் வந்துவிட்டார். பேராசிரியர் உதடு குவிக்காமல் “ஊர்” என்று சொல்லிக் காட்டினார். எச்சில் தெறித்து மேசை நனைந்தது.

“நானும் இந்த ஊர்தான். நல்லாத்தானே குவியுது?” என்றார் முதல்வர்.

“நீங்க படிச்சவர் சார்.”

முதல்வர் மனம் குளிர்ந்துபோய், மறுநாள் காலைக்குப் பத்திரிகைக்காரர்களை அழைத்துவிட்டார்.

“நீக்கின ஆள் யாருன்னு கேப்பாங்க. வெளியூர்க்காரர்னு எழுதி வாங்கிட்டு வந்துடுங்க” என்றார் பேராசிரியர்.

ஆய்வாளர் கிளினிக்குக்கு ஓடினார். நர்ஸ் இடுக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், இருபத்திமூணாவது ஆள் எந்த ஊரு?”

“இதே தெருதான் சார். ஊசியப் பாத்ததும், ‘இத வேணா படிக்கறேன், அத விட்ருங்க’ன்னு படிச்சிட்டு ஓடிட்டாரு. மத்த முப்பத்தொம்பது பேரும் சமத்தா ஊசி போட்டுக்கிட்டு, வாய் மரத்தப்புறம்தான் படிச்சாங்க.”