ஐந்தாவது மழைக்கோட்டு

"ஒக்காந்து பாத்தீங்களாண்ணா?" என்று கேட்டான் அறிவுச்செல்வன்.

"ஒக்காராம வண்டி ஓட்ட முடியுமா?"

"வண்டியில இல்லண்ணா. வாங்கறப்ப. கடையில."

மேசைமேல் தங்கதுரையின் மழைப் பேன்ட் கிடந்தது. கவட்டுத் தையல் ஒரு சாணுக்குப் பிரிந்திருந்தது. அறிவுச்செல்வன் அதைத் தூக்கிப் பிடித்தான். பிரிந்த இடத்தின் வழியாக அவனுடைய ஒரு கண் தெரிந்தது.

"நின்னுக்கினு போட்டுப் பாத்தா எல்லாம் அளவாத்தான் இருக்கும். ஒக்காந்து, கைய நீட்டி, கால வெச்சுப் பாக்கணும். கை மேல ஏறும். கால் மேல ஏறும். நடுவுல இருக்கறது பாவம், எங்க போவும்?"

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் விற்கிற கடை அது. தங்கதுரை அங்கே எடுத்த இரண்டாவது கோட்டு இது.

முதல் கோட்டு முன்பக்கம் பொத்தான் வைத்த நீளக் கோட்டு. நின்றால் முழங்கால்வரை மறைத்தது. வண்டியில் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் விலகி, மடியில் மழைத் தண்ணீர் குட்டை கட்டியது. கோமுகி அணையைத் தாண்டி இரண்டாவது வளைவில் அவர் குனிந்து பார்த்தார். சட்டை காய்ந்திருந்தது. தலை காய்ந்திருந்தது. பேன்ட்டில் ஒரே ஒரு இடம்தான் நனைந்திருந்தது. ஐம்பத்திரண்டு வயது ஆள் அந்த இடம் நனைந்த பேன்ட்டோடு பெற்ற பெண்ணின் வாசலில் போய் நிற்க முடியாது. அணைக்கட்டுப் பூங்காவில் பேன்ட் காயும்வரை உட்கார்ந்திருந்தார். வீடு சேரும்போது மத்தியானம்.

இரண்டாவது ஞாயிறும் அதே பூங்கா. அதே சிமென்ட் பெஞ்சு. அதே இடம்.

"எந்தப் பக்கம் போறீங்கண்ணா? அதச் சொன்னா தோதா எடுத்துக் குடுப்பேன்."

"மலைக்கு."

"மலைக்கு இன்னா வேலையா?"

"கடுக்கா வாங்க."

"கடுக்கா இங்க நாட்டு மருந்துக் கடையிலயே கிடைக்குதே."

"மேல வெல கம்மி."

அறிவுச்செல்வன் கிழிந்த பேன்ட்டைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

"ரொம்பத்தான் கம்மி போலக்குது" என்றான்.

மலையில் இருந்தது சுபஸ்ரீ. ஒரே பெண். மூன்று வருடத்துக்கு முன்னால் கல்லூரியில் கூடப் படித்த பகலவனைக் கட்டிக்கொண்டு போனாள். பையன் வெள்ளிமலைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். சிகரெட்டுகூடக் கிடையாது. மலைக்காரன் என்பதைத் தவிர அவனிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பங்காளிகள் அதைச் சொன்னார்கள். தங்கதுரையும் சேர்ந்துகொண்டு சொன்னார். அதோடு நின்றிருக்கலாம். கோயில் வாசலில் கற்பூரத்தைக் கொளுத்தி உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

"அவ இருக்கற மலைக்குப் போற பஸ்ஸுல இந்தக் கால் ஏறாது."

கையில் கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆயிற்று. மற்றது ஆறவில்லை. உறவுக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி போன் செய்ததால் நம்பரை மாற்றிக்கொண்டார். மனைவி ஆண்டாள் அதற்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். சங்கராபுரம் சாலையில், ஊரை விட்டுத் தள்ளி, கரும்புக்கு நடுவில் ஒற்றை வீடு. அதில் அவர் மட்டும்.

ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிற வேலை. ஆவணியில் நெல் கொண்டுவந்த ஒரு ஆள் போகிற போக்கில் சொன்னான். "ஒம் பொண்ணுக்குக் கொழந்த பொறந்திருக்காமே." தங்கதுரை அந்த ஆளுடைய மூட்டைகளை இரண்டு முறை எடை போடச் சொன்னார்.

அன்று ராத்திரி சத்தியத்தை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தார். பஸ் என்றுதான் சொல்லியிருந்தார். பைக்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சாமிக்கும் இது தெரிந்திருக்கும். பங்காளிகளுக்குத்தான் தெரியக் கூடாது. அதற்கு ஹெல்மெட் இருந்தது.

சுபஸ்ரீயின் நம்பர் அவரிடம் இருந்தது. கூப்பிடவில்லை. கூப்பிட்டு, வராதே என்று அவள் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு எந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போவது?

மில்லுக்கு ஞாயிறுதான் லீவு. அதனால் ஞாயிறு.

மூன்றாவது கோட்டை அறிவுச்செல்வனே தேர்ந்தெடுத்தான். உள்ளே ரப்பர் பூசிய செட். இரண்டு அளவு பெரியது. கழுத்திலும் மணிக்கட்டிலும் ஒட்டுப் பட்டை.

"ஒரு சொட்டு உள்ள போவாதுண்ணா. எழுதி வேணா தரேன்."

போகவில்லை. அந்த ஞாயிறு மழையே இல்லை. கிளம்பவே எட்டு மணி ஆகிவிட்டது. புரட்டாசி வெயில், சித்திரையிடம் கடன் வாங்கியதுபோல அடித்தது. மேலே போனால் மழை பிடிக்கும் என்று வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தார். கச்சிராயபாளையத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது சாலை இரண்டாகத் தெரிந்தது. இடது பக்கம் இருந்த சாலையில் போனார். அது மரவள்ளிக் காடு.

களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். ஜிப்பைக் கழற்றத் தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"இன்னா இது, சாக்குப்பையாட்டம் கட்டிக்கினு வந்திருக்காரு."

"மேல தண்ணிய ஊத்து, எழுந்துக்குவாரு."

"கோட்டு மேல ஊத்துனா உள்ள போவலயே."

"அப்ப கழுத்து வழியா ஊத்து."

ஒரு குடம் ஊற்றினார்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே வரவில்லை. மழை இல்லாத நாளில், மலைக்குப் போகாமல், கணுக்கால்வரை தண்ணீரோடு தங்கதுரை வேப்பமர நிழலில் மத்தியானம்வரை படுத்திருந்தார்.

"ஒரு சொட்டு உள்ள போச்சாண்ணா?" என்று மறுநாள் அறிவுச்செல்வன் கேட்டான்.

"ஒரு குடம்."

நான்காவது, கீழே சமவெளிக்கும் மேலே மலைக்கும் சேர்த்துச் செய்தது. ஜாக்கெட் முழுக்க வலை. வெயிலில் காற்று புகுந்து வெளியே போகும். மழை வந்தால் உள்ளே லைனர் என்கிற தண்ணீர் புகாத துணியை ஜிப் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். அறிவுச்செல்வன் கடையில் ஒரு நிமிடத்தில் மாட்டிக் காட்டினான்.

அந்த ஞாயிறு விடியும் முன்பே கிளம்பினார். அணைவரை சுகமான காற்று. ஐந்தாவது வளைவில் மழை பிடித்தது. அது தூறி, யோசித்து, பெய்கிற மழை இல்லை. கல்வராயன் மலை மழை. வண்டியை ஓரங்கட்டி ஜாக்கெட்டைக் கழற்றினார். ஜிப்பின் நுனியைத் தேடினார். கை மரத்துப்போனது. மாட்டி முடிப்பதற்குள் சட்டை, பனியன், பாக்கெட்டில் இருந்த மில் சீட்டு எல்லாம் ஊறிவிட்டன. பிறகு லைனர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. உள்ளே இருந்த ஈரத்தை ஒரு சொட்டு வெளியே விடவில்லை. வெளியே வலை, குடித்த தண்ணீரோடு நாலு கிலோ கனத்தது.

அப்போது மலையிலிருந்து பஸ் இறங்கி வந்தது. கண்டக்டர் பங்காளி ஒருத்தருடைய மச்சான். தங்கதுரை ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாறைப் பக்கம் திரும்பி நின்றார். பஸ் வளைவில் இருந்த பள்ளத்து நீரைச் செம்மண்ணோடு வாரி அவர் முதுகில் இறைத்துவிட்டுப் போனது. யாரோ ஜன்னலில் சிரிப்பது கேட்டது.

தாடை தந்தி அடித்தது. மகளிடம் சொல்லக் கூட்டி வைத்திருந்த நாலு வார்த்தையும் பல்லுக்கு நடுவில் உடைந்தன. வண்டியைத் திருப்பினார். இறங்கும்போது மனதுக்குள் சின்னதாக ஒரு நிம்மதி இருந்தது. அதை அவர் கவனித்துவிட்டார். அன்று முழுவதும் அது அவரை உறுத்தியது. கள்ளக்குறிச்சியில் டாக்டர் வீட்டில் ஊசி போட்டுக்கொண்டு, வரிசையில் காத்திருந்து மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப ஒரு மணி.

"மழை வந்தப்புறம் போடறது கோட்டே இல்லண்ணா" என்றான் அறிவுச்செல்வன். "அத நான் சொல்லல. என் தப்பு."

இந்த முறை அவன் அவசரப்படவில்லை. கடைக்கு வெளியே தன் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு அவரை அதில் உட்கார வைத்தான். வலை ஜாக்கெட் கீழே சமவெளிக்கு. அதற்கு மேலேயே போட்டுக்கொள்கிற மாதிரி தனியாக ஒரு மழைச் செட். தையலுக்கெல்லாம் உள்பக்கம் நாடா ஒட்டியது.

"கைய ஹேண்டில்ல வைங்க. மணிக்கட்டு தெரியுதா?"

"இல்ல."

"கழுத்தத் திருப்புங்க. இந்தப் பக்கம். முட்டிய மடக்குங்க. பிடிக்குதா?"

"இல்ல."

உள்ளே போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து அவர் தலையில் ஊற்றினான். ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர், "யாருக்குப்பா காரியம்?" என்று விசாரித்தார்.

"உள்ள ஈரம் இருக்குதாண்ணா?"

தங்கதுரை சட்டைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"இல்ல தம்பி."

"அணைகிட்ட டீக்கடையில நிறுத்துங்க. வானம் எப்படி இருந்தாலும் சரி, காஞ்ச ஒடம்போட போட்டுக்கினு ஏறுங்க. அவ்ளோதான்."

தங்கதுரை வண்டியைவிட்டு இறங்கினார். உடனே போகவில்லை. சுவரில் மாட்டியிருந்த சின்னக் கோட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். முயல் காது வைத்த ஒன்று இருந்தது.

"அதுல ஒண்ணு குடு."

"எத்தன வயசுக்கு?"

"தெரியல."

"பொண்ணா, பையனா?"

அவர் கையிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரியல தம்பி."

அறிவுச்செல்வன் அதற்குமேல் கேட்கவில்லை. கடுக்காயைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. மஞ்சளில் ஒன்றை எடுத்து உதறி மடித்தான்.

"கொஞ்சம் பெருசா எடுத்துக்குங்கண்ணா. வளர்ந்து சரியாயிடும்."

ஐந்தாவது ஞாயிறு இருட்டோடு கிளம்பினார். அணையருகே டீக்கடையில் நின்று, காய்ந்த உடம்போடு, வானத்தில் ஒரு மேகமும் இல்லாதபோதே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டார். டீக்கடைக்காரர் வானத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், டீயை ஆற்றினார்.

ஐந்தாவது வளைவில் மழை பிடித்தது. தங்கதுரை நிற்கவில்லை. தோளில் அடித்தது, தொடையில் அடித்தது, உள்ளே வரவில்லை. சொல்ல வேண்டியதை ஹெல்மெட்டுக்குள் உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினார். "நான் வந்திருக்கேன்மா." சரியாக வரவில்லை. "கொழந்தயப் பாக்க வந்தேன்." இது பரவாயில்லை. முதலில் சொன்னதைத்தான் சொல்ல வேண்டும் என்று மேலே போனதும் முடிவு செய்தார்.

வாத்தியார் வீடு என்று கேட்டதும் காட்டினார்கள். பச்சைக் கதவு, தகரக் கூரை. இறவாணத்தின் கீழ் கொடியில் கைக்குட்டை அளவுக்குச் சின்னச் சின்னத் துணிகள். மழை பட்டு விடாமல் சுவரோரமாக ஒதுக்கிக் கட்டியிருந்தார்கள். தங்கதுரை அவற்றை எண்ணுவதுபோல நின்று பார்த்தார். ஒரு துளி ஈரம் இல்லாமல் வந்து சேர்ந்திருந்தார். கண்ணைத் தவிர.

கதவில் பூட்டு.

பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். தலையிலிருந்து கால்வரை கறுப்பாக, ஹெல்மெட்டோடு, கையில் பொட்டலத்தோடு நின்றவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கொரியரா சார்?"

இல்லை என்று சொன்னால் அடுத்து யார் என்று சொல்ல வேண்டும்.

"ஆமாம்மா."

"அவங்க இல்ல. எங்கிட்ட குடு, குடுத்துடறேன். என் பேரு சாலம்மா. எழுதிக்க."

"கையிலதான் குடுக்கணும்."

"அப்ப மத்தியானம் வரைக்கும் ஒக்காரு. ரெண்டு பேரும் மொத பஸ்ஸுல கீழ போயிக்கிறாங்க."

இந்த மழையில் போயிருந்தால் நனைந்திருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. "கைக்கொழந்தயத் தூக்கிக்கினா?" என்றார்.

"அதத் தூக்கிக்கினுதான். காட்டத்தானே போறாங்க."

"யாருக்கும்மா?"

சாலம்மாள் முறத்தை ஒரு தட்டுத் தட்டி உமியை மழையில் விட்டாள்.

"அந்தப் பொண்ணோட அப்பனுக்குத்தான் சார், அஞ்சு வாரமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போவுது, அந்த ஆளு இது வர்றது தெரிஞ்சே வூட்டப் பூட்டிக்கினு எங்கியோ போயிடறானாம், இன்னிக்கும் பூட்டிக் கெடந்தா இனிமே இந்த ஜென்மத்துக்கும் போறதில்லன்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறிச்சு."