அறுபத்தைந்து முடிந்த குடும்பத் தலைவி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், உன் அத்தானின் இரண்டு கண்களைத் தவிர. உன் வீட்டில் கண்கள் உட்பட எல்லாம் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

"முதியோர் காப்பீடா? உன்னால ஆகாதுக்கா" என்று போனில் சிரித்தாயே, ஜெயித்துவிட்டேன்! அதற்குரிய அறுபத்தைந்து வயது எனக்குப் போன மாதம் முடிந்தது. என்னைவிட நாலு வயது இளைய உன் அத்தானுக்கு என் மூலமாகத்தான் காப்பீடு, அது கிடைத்தால்தான் கண்புரை ஆபரேஷன், இல்லாவிட்டால் உப்பா சர்க்கரையா என்று நக்கிப் பார்த்தே அவர் காலம் தள்ள வேண்டும். காலை வகுப்பை முடித்துவிட்டு, டிரைவிங் ஸ்கூல் காரிலேயே இவரையும் ஏற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனால், குமாஸ்தா என்னை விட்டுவிட்டு இவரிடம், "ஐயா, எப்ப ரிட்டயர் ஆனீங்க?" என்கிறார். "நான் வீட்டுல சமையல். அவங்கதான் கார் ஓட்டக் கத்துக் குடுக்கறாங்க, இன்னும் ரிட்டயரே ஆகலை" என்று இவர் பெருமையாகச் சொன்னார். படிவத்தில் சார்ந்தவர் என்ற இடத்தில் 'மனைவி' என்று மட்டுமே அச்சாகியிருந்தது. "இது ரிட்டயரான ஆம்பளைங்களை நெனச்சு அச்சடிச்சதும்மா" என்று குமாஸ்தா கையை விரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கொஞ்சம் எழுந்து வரிசையைப் பாருங்க தம்பி" என்றேன். பார்த்தார். பதினோரு பேரில் எட்டுப் பேர் பெண்கள். ஒருத்தி டாக்சி ஓட்டுகிறவள், ஒருத்தி சீருடையைக்கூட மாற்றாத நர்ஸ், ஒருத்தி கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள், ஆண்களில் ஒருவர் வேறு தேசத்திலிருந்து பிழைக்க வந்து இங்கேயே நரைத்த தச்சர். "எங்க வீட்டுக்காரரும் வெளியதான் நிக்கறாரு!" என்று டாக்சிக்காரி குரல் கொடுக்க, வரிசையே கை தட்ட, மேலதிகாரி ஓடி வந்து, "சேர்த்துக்கங்கய்யா!" என்று தானே முத்திரை குத்தினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, தம்பி. கார் வரைக்கும் உன் அத்தான் என் கையை விடவில்லை.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். நான் ஜெயித்த கதையை உன் மனைவியிடம் இரண்டு தடவை சொல்.

இப்படிக்கு,
முத்திரை பெற்ற குடும்பத் தலைவி,
உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்போது காப்பீட்டு அட்டை வந்தது. படிவத்தை மாற்றாமலே சேர்த்திருக்கிறார்கள். உறவு: மனைவி. பாலினம்: பெண். பக்கத்தில் மீசையோடு உன் அத்தான். கொண்டுபோய்க் காட்டினால், ஆஸ்பத்திரியில் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, படம் சரியாக இருக்கிறது, செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார்கள். எழுத்து கண்ணுக்குத் தெரியாததால், அதில் என்ன இருக்கிறதென்று அறியாமலே இவர் அட்டையைத் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிகிறார். ஆபரேஷன் முடிந்து கண் கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாக அதைத்தான் படிக்கப் போகிறாராம்.