அரையன்பட்டணத்தின் முதல் எட்டுப் பக்கம்

பொகவந்தலாவை,
12.6.1968

பெரியப்பா மகன் கணேசமூர்த்தி அண்ணன் அவர்களுக்குத் தம்பி செல்லசாமி வணக்கத்துடன் எழுதுவது. மழையைத் தவிர இங்கு வேறு குறை இல்லை. அண்ணி, பிள்ளைகள் சுகத்துக்கு எழுதவும்.

நீங்கள் கல்வெட்டுகளைப் படித்து எழுதியனுப்பிய நம் ஊர் வரலாறு பதினாறு பக்கமும் கிடைத்தது. வினையே அதுதான். மூன்று ஞாயிற்றுக்கிழமை, நான் கணக்கப்பிள்ளையாக இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பு ஆட்களுக்கு உரக்க வாசித்தேன். சோழர் காலத்தில் ஆற்றங்கரைச் சந்தையாகத் தொடங்கிய அரையன்பட்டணம் கோட்டையும் ஒன்பது தெருவும் முந்நூறு தறியுமாகப் பெருகி, அரபுக் குதிரைகள் விலைக்கு வந்து நின்றது வரை எட்டுப் பக்கம் முடிந்தது. அதற்குள், இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிறவர்கள் சொந்த ஊரை எழுதிக்கொடுக்க வேண்டும் என்று ஆபீசில் மனுத்தாள் கொடுத்துவிட்டார்கள். பாதிப் பேருக்குப் பாட்டன் ஊரே தெரியாது. "முழிச்சிக்கிட்டு நிக்கிறதுக்குக் கணக்கப்பிள்ளை ஊரையே போட்டுட்டா என்னங்க?" என்றான் மூக்கன். இருபத்திரண்டு குடும்பம் அரையன்பட்டணம் என்று எழுதிவிட்டது.

பதறிப்போய் நான்காம் ஞாயிறு மீதி எட்டுப் பக்கத்தையும் வாசித்தேன். ஆறு திசைமாறியது, வியாபாரிகள் கடலோரம் போனது, வரி தாங்காமல் நெசவாளர்கள் தறியைச் சுமந்து வெளியேறியது, வெள்ளைக்காரன் கோட்டைக் கல்லைப் பெயர்த்துப் பாலம் கட்டியது, இன்று பதினொரு வீடும் சில ஆடுகளும் மட்டுமே மிச்சம் என்பது, ஒன்றையும் விடவில்லை. ஒருவரும் நம்பவில்லை. "நாங்க வந்து கோட்டையில பங்கு கேப்போம்னுதானே இப்படி இடிக்கிறீங்க?" என்று கேட்டாள் மூக்கன் பெண்சாதி மீனம்மா.

கொழுந்து எடுக்க மட்டுமே தெரிந்த சனம், அண்ணே. கப்பலேறிப் போய் அந்தப் பொட்டலில் நின்றால் என்னைத்தானே சபிப்பார்கள்? ஆகவே பதினொரு வீடுதான் என்று உங்கள் கையால் எழுதி, நீங்கள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்து முத்திரையும் குத்தி உடனே அனுப்புங்கள். மாதக் கடைசிக்குள் மாற்றி எழுத வைத்துவிடுவேன். நானோ இங்கேயே இருக்கத்தான் மனுக் கொடுக்கப்போகிறேன்.

நம் குலசாமி அந்தப் பதினொரு வீட்டையும் காக்கட்டும்.

தங்கள் தம்பி,
செல்லசாமி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் என் பெண்சாதி நாகலெட்சுமி வந்தாள். மூன்றாம் ஞாயிற்றுக்கு மறுநாளே எங்கள் மனுவையும் எழுதி ஆபீசில் கொடுத்துவிட்டாளாம். நான்காம் ஞாயிறு நீ கேட்கவில்லையா என்றேன். "அது மத்தவங்கள வரவிடாம பண்ணச் சொன்னதுன்னு நெனச்சேங்க. பொறந்ததுலருந்து மலையத்தான் பாத்திருக்கேன். ஒரு தடவையாச்சும் பட்டணத்துக் கடைத்தெருவுல நடக்கணுங்க" என்றாள். முத்திரை வேண்டாம், அண்ணே. பதினேழாம் பக்கத்துக்குத் தாள் எடுத்து வையுங்கள். இருபத்து மூன்று குடும்பம் வருகிறோம்.