போத்தல் ஐயாவும் பீட்ரூட்டும்

பட்டிப்பொல பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கோயிலுக்குப் போகாதவர்கள் இருந்தார்கள். போத்தல் ஐயாவுக்கு மூத்திரம் கொடுக்காதவர் ஒருவரும் கிடையாது. ஐம்பதுகளில் தோட்டத்து மருந்துச்சாலை அவர் பொறுப்பில் இருந்தது. அட்டை கடித்துப் போனாலும் முதலில் ஒரு போத்தல் மூத்திரம்தான் கேட்பார். ஜன்னலில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி அவர் பார்க்கிற அழகே தனி.

வெட்கப்பட்ட சனங்கள் சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். கறுப்பையா கங்காணியிடம் போத்தலை நீட்டினால், மனுஷன் முகம் கோணாமல் நிரப்பிக் கொடுப்பார். பெக்டரியில் வேலை பார்த்த நானும் சளிக்கு மருந்து வாங்க அதைத்தான் கொண்டுபோனேன்.

ஐயா சர்க்கரை பார்க்கிற நீல மருந்தை ஊற்றிக் காய்ச்சினார்; நீலம் செங்கல் நிறமானது. "இது உன்னுது இல்ல தம்பி."

"என்னுதுதாங்க ஐயா."

"அட சும்மா இரு! இது கங்காணியோட சர்க்கரை. காலையிலேருந்து நாலு பொம்பளைங்க பேர்ல வந்திருச்சு. பின்னால போயி உன்னுதக் கொண்டா."

கொண்டுவந்தேன். சிவப்பாக இருந்தது. சில நாளாகவே அப்படித்தான். லயத்து வீடுகளுக்குப் பின்னால் எல்லோருக்கும் பீட்ரூட் பாத்தி; தின்றால் மூத்திரம் சிவக்கத்தான் செய்யும். எங்களூரில் யார் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்வார்கள்?

"பீட்ரூட்டுங்க ஐயா."

"வலிக்குதா?"

"கொஞ்சமும் இல்லீங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "வலிச்சா கல்லுன்னு சொல்லிருவேன். வலிக்காம வர்ற ரத்தந்தான் எனக்குப் பயம். ஒரு வாரம் பீட்ரூட்டத் தொடாத."

என்மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. மூன்று வேளையும் வீட்டுக்கு வந்து என் தட்டை எட்டிப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டார். "வைத்தியம் ஒங்களுக்கா, அவருக்கா?" என்று என் மனைவி முணுமுணுத்தாள். எட்டாம் நாளும் சிவப்பு. அன்று அவர் ரொட்டியைத் தொடவில்லை.

என்னைக் கொழும்புக்கு அனுப்பப் பெரிய துரையிடம் லொறி கேட்டார். பீட்ரூட்டுக்கு லொறியா என்று துரை சிரித்தாராம். மறுநாள் காலை ஐயா பங்களாவுக்குள் புகுந்து, துரையின் முட்டைக்கும் தேநீர்க் கோப்பைக்கும் நடுவே என் போத்தலை வைத்துவிட்டார். ஐந்து நிமிஷத்தில் லொறி வந்தது.

கொழும்பில் என் சிறுநீரகம் ஒன்றை எடுத்தார்கள். அதை மெல்லிசாகச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்த்த டாக்டர், புற்றுநோய், அதிலும் அபூர்வமான வகை, நல்லவேளை கட்டி வெளியே பரவவில்லை என்றார். போத்தல் ஐயா ரயிலேறி வந்து, கெஞ்சிக் கூத்தாடி, தானும் அதைப் பார்த்துவிட்டுத்தான் என் கட்டிலுக்கு வந்தார்.

"என்னா அழகு தெரியுமா தம்பி! லேசுல யாருக்கும் வராதாம்…" என்றவர் அழுதுவிட்டார்.

பல வருஷம் கழித்து அவர் ஓய்வு பெற்றுப் போன நாளில், ஸ்டேஷனில் எல்லோரும் மாலை போட்டார்கள். நான் ஒரு போத்தலை நீட்டினேன்.

"யாருது? கங்காணியோடதா?"

"என்னுதுதாங்க ஐயா."

ரயில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "நல்லா தெளிஞ்சிருக்கு தம்பி," என்றார்.

மாலைகளைக் கழற்றிப் பக்கத்துச் சீட்டில் வைத்தார். போத்தலை மடியில் வைத்துக்கொண்டார். இந்தத் தடவை அழுதது நான்.