முதல் வரி யாருக்கு?

"என் பேர் எப்படி ரெண்டாவதா வரும்?" என்று கண்ணாடிக்காரர் கேட்டபோது, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து கம்ப்யூட்டர் மெக்கானிக் பையை மூடிக்கொண்டிருந்தான்.

கடையில் சொல்லி அனுப்பியது சின்ன வேலைதான். அலுவலகத்தில் ஒரே கம்ப்யூட்டர், அதற்கு இரண்டு எழுத்தர்கள். ஆளுக்கொரு ஹார்டு டிஸ்க் மாட்டி, ஸ்விட்சைப் போட்டதும் யாருடையதைத் திறக்க என்று மெஷினே கேட்கும்படி செய்ய வேண்டும். 'வேலை முடிந்தது' என்று தாளில் கையெழுத்து வாங்காமல் கடைப் பக்கம் வராதே என்று முதலாளி சொல்லியிருந்தார். முப்பத்தாறு வயதில் இது அவனுக்கு நாலாவது வேலை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று முதலாளி கொடுத்த ஒரு மாதத் தவணை இன்றோடு முடிகிறது.

கட்டடத்தில் நுழைந்ததும் முதல் அறையிலேயே ஒரு கம்ப்யூட்டரும், அதற்கு இருபுறமும் இரண்டு நரைத்த தலைகளும் இருந்தன; ஒருவர் மூக்கில் கண்ணாடி, மற்றவர் கழுத்தில் மப்ளர். நல்லவேளையாகத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

இரண்டு டிஸ்க்கையும் மாட்டி மெஷினைப் போட்டதும் திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. பத்து விநாடி யாரும் தொடாவிட்டால் முதல் வரியில் இருப்பவருடையது தானாகத் திறக்கும். அந்த முதல் வரியில் மப்ளர்காரர் இருந்தார்.

"இவரைவிட நான் பதினோரு நாள் சீனியர் தம்பி," என்றார் கண்ணாடிக்காரர்.

மாற்றிப் போட்டான். அந்தப் பதினோரு நாளில் ஒன்பது நாள் அவர் மருத்துவ விடுப்பு என்று சொல்லி, மப்ளர்காரர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சரி, ஒற்றைப்படைத் தேதிக்கு ஒருவர், இரட்டைப்படைக்கு மற்றவர் என்று வைத்தான். மப்ளர்காரர் காலண்டரை எடுத்துவந்தார்.

"முப்பத்தொண்ணும் அவருக்கு, மறுநாள் ஒண்ணாந்தேதியும் அவருக்கா? இது எந்த ஊர் நியாயம்?"

ஒருமுறை போட்டால் இவர், அடுத்தமுறை அவர் என்று மாற்றினான். ஒருவர் முறை வந்ததும் மற்றவர் அணைத்துவிட்டுப் போட்டார். பதினேழு தடவை இப்படி நடந்ததில் மெஷினுக்கு மூச்சு வாங்கியது.

நடுவில் முதலாளி போன் செய்து, ஆளே வரவில்லை என்று அலுவலகத்தில் கத்துகிறார்களே, எங்கே ஊர் சுற்றுகிறாய் என்றார். காலையிலிருந்து இவர்கள் காலடியில்தான் கிடக்கிறேன் என்று அவன் சத்தியம் செய்தான்.

கடைசியில் வெறுத்துப்போய், எந்த டிஸ்க்கையும் திறக்காத ஒரு வெற்று வரியை முதலில் வைத்தான். பத்து விநாடி போனது. திரை கறுத்தது.

"இப்ப யாருது திறந்துச்சு?"

"யாருதும் திறக்கலை சார்."

"அதான் நியாயம்," என்றார் கண்ணாடிக்காரர். மப்ளர்காரரும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, இதைக் காலையிலேயே செய்திருக்கலாமே என்றார்.

மேலே யார், கீழே யார் என்று ஆரம்பிப்பதற்குள் மெக்கானிக் தாளில் அருகருகே இடம் காட்டி இரண்டு கையெழுத்தையும் வாங்கிவிட்டான். வேலை தப்பியது. சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

தாளை ஊதிக்கொண்டே வெளியே வந்தான். மாடிப்படியைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அவங்க ரெண்டு பேரும் ரிடையராகி மூணு வருஷம் ஆச்சு தம்பி, வீட்ல பொழுது போகலைன்னு அந்தக் கழிச்சுப் போட்ட கம்ப்யூட்டர் முன்னாடி தினம் வந்து உக்கார்றாங்க, ஆபீஸ் மாடியில இருக்கு."