படிக்கட்டுப் பூக்கள்

"இந்தத் தொட்டிங்களக் கொஞ்சம் நகத்திக்கலாமாம்மா?" என்று கேட்டார் ஓவியர் அமெடியோ.

படிக்கட்டை ஒட்டிய வீட்டு ஜன்னல் வழியே கிளேலியா எட்டிப் பார்த்தாள். "எதுக்கு? அது பாட்டுக்கு இருக்கு. உங்கள என்ன பண்ணுது?"

"படம் வரையணும். நாப்பது வருஷம் முன்னாடி இந்தப் படியில ஒரு தொட்டிகூடக் கிடையாது. வெறும் கல்லுதான்."

அந்த வெறும் கல்லில்தான் லுயிசெல்லா உட்கார்ந்திருந்தாள். செர்ரிப் பழம் தின்று, கொட்டைகளை இவர் பக்கமாகத் துப்பிக்கொண்டிருந்தாள். இவர் அப்போது ஓவியக் கல்லூரி மாணவர். அந்தக் கோடை முடிவதற்குள் கல்யாணமே ஆகிவிட்டது.

"ஒரு மணி நேரம் போதும். என் பெண்டாட்டிக்காக."

"அவங்க எங்க?"

"போன குளிர்காலத்துல போய்ச் சேந்துட்டா."

கிளேலியா இறங்கி வந்தாள். இருவருமாகப் பன்னிரண்டு தொட்டிகளையும் எதிர்வீட்டு வாசலுக்கு மாற்றினார்கள்.

தேவாலயக் கோபுரத்தின் நிழல் படியில் அன்று போலவே சாய்ந்து கிடந்தது. அமெடியோவுக்குக் கண் கலங்கியது. தூரிகையை எடுத்தார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. உபால்டோ வெளியே வைத்த கால் நேராகத் தொட்டிக்குள் இறங்கியது.

"எவன்டா என் வாசல்ல தோட்டம் போட்டது?"

மன்னிப்புக் கேட்டு, தொட்டிகளைப் படிக்கட்டுக்குக் கீழே இருந்த நீரூற்றின் விளிம்புக்குக் கொண்டுபோனார்கள். ஒன்று தண்ணீருக்குள் சரிந்தது. அதைப் பிடிக்கப் போன அமெடியோவும் கூடவே சரிந்தார்.

நகரசபைக் காவலர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். "பெரியவரே, இது என்ன குளிக்கிற இடமா? வெளிய வாங்க! ஆமா, படியில இருந்த பூவெல்லாம் எங்க?"

"ஐயாவுக்குப் பழைய படிதான் வேணுமாம்," என்றார் உபால்டோ, செருப்பிலிருந்து மண்ணை உதறியபடி.

"ஆமா, வேணும்!" ஈரம் சொட்டச் சொட்டக் கத்தினார் அமெடியோ. "எவ்வளவு அழகான ஊரு! பொம்மைக்கடையாக்கி வச்சிருக்கீங்க. எந்த மடையன் இங்க பூ வைக்கச் சொன்னான்?"

காவலர் விழித்தார். "நான் வேலைக்கு வந்தப்பவே இருந்துச்சே."

கிளேலியா பெருமூச்சு விட்டாள்.

"அத ஏன் கேக்கறீங்க? ஓவியக் கல்லூரிப் பையன் ஒருத்தன் இந்தப் படியில உக்காந்திருந்த பொண்ண வரைஞ்சானாம். பாதம் வரைய வராம, முன்னாடி பூத்தொட்டிய வரைஞ்சு மறைச்சு, படத்த ஓட்டல்ல குடுத்துட்டுப் போயிட்டான். அதப் பாத்துட்டு வர்றவங்கல்லாம் பூ எங்க, பூ எங்கன்னு கேட்டுத் தொலைக்க, முப்பத்தெட்டு வருஷமா நான் தண்ணி ஊத்திக்கிட்டிருக்கேன்!"